வாத்து வீட்டின் ஆறாம் மாடி

“முள்ளுக் கிளையெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது,” என்றான் வாசல் காவலாளி.

பெகுமூசி இலந்தைக் கிளையை மார்போடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, நீ பேசு என்பதுபோல் அண்ணன் மகளைப் பார்த்தார். நேற்று மாலையிலிருந்தே அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்,” என்றாள் லிண்டேனி.

“எந்த மாடி?”

“அதான் தெரியல. கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.”

காவலாளி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “பேரு சொல்லுங்க. போன் போட்டுக் கீழ வரச் சொல்றேன்.”

“அல்ஃபியஸ் குவாலா.”

எழுதப்போன பேனா நின்றது. அவன் டர்பனுக்கே புதியவன், கின்ஷாசாக்காரன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனாலும் அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது.

“பெரியவர் குவாலாவா? அவர் திங்கக்கிழமை இறந்துட்டாரேம்மா.”

“ஆமாண்ணே. அதனாலதான் வந்திருக்கோம்.”

அவன் கிளையைப் பார்த்தான், பெகுமூசியின் தொப்பியைப் பார்த்தான், லிண்டேனியின் கறுப்புத் தலைத்துணியைப் பார்த்தான். அவன் ஊரிலும் இப்படி ஏதாவது இருந்திருக்க வேண்டும். பதிவேட்டை மூடிவிட்டு, “உக்காருங்க, சூப்பர்வைசரைக் கூப்பிடுறேன்,” என்றான்.

உள்ளபடி பார்த்தால் இது புதன்கிழமையே முடிந்துபோன காரியம். அவர்கள் வழக்கப்படி, வெளியிடத்தில் இறந்தவரின் உடம்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதாது. மூச்சு போன இடத்துக்கே ஆண்மகன் ஒருவர் இலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் ஆவியைக் கிளையில் அழைத்து வர வேண்டும். வருகிற வழியெல்லாம் அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வர வேண்டும். வேறு யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அல்ஃபியஸுக்கு மகன் இல்லாததால் தம்பி பெகுமூசி போனார். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கட்டிலோரம் நின்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் சொந்த ஊரான மபுமுலோ வரைக்கும் எண்பது கிலோமீட்டர், பாலம், சர்க்கரை ஆலை, பள்ளிக்கூடம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார். பெண்கள் அழுதார்கள். கிளையைப் பெரிய குடிசையின் உள்பக்கச் சுவரோரம் வைத்தார்கள். ஆடு அறுத்தார்கள்.

வியாழக்கிழமைதான் லிண்டேனி மருத்துவமனைத் தாளைக் கையில் எடுத்தாள். பைன்டவுனில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கிறுக்கலைப் படிப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. நடுவில் ஒரு வரி இருந்தது. கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

இரண்டு முறை படித்துவிட்டுச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னாள். பெகுமூசி கையிலிருந்த பீர்க் குடுவையைக் கீழே வைத்தார்.

“அப்போ நான் யாரைக் கூட்டிட்டு வந்தேன்?”

அவருக்குப் பதில் சொன்னது அவர் மனைவி. “எவனோ ஒருத்தன். நேத்துலேர்ந்து நம்ம வீட்டுல படுத்துக் கெடக்கான். அவனுக்கு நம்ம ஆட்டை வேற அறுத்துப் போட்டாச்சு.”

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதுதான். சமையல் பக்கம் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெகுமூசி எழுந்துபோய்விட்டார்.

இன்று வெள்ளி. நான்கு மணிக்குப் பிணவறையிலிருந்து உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். நாளைக் காலை அடக்கம். அதற்குள் ஆள் வந்து சேர வேண்டும். லிண்டேனி இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், அதோடு சரி. ஆனால் நேற்று அவளால் தூங்க முடியவில்லை. ஆள் காலியாகிவிட்ட ஒரு கட்டடத்தில், வேலையாட்கள் சுவரை இடித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா எங்கேயோ ஒரு மூலையில் நின்றுகொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

அந்தக் கட்டடத்துக்குள் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைக்கிறாள். அது இன்னொரு சங்கதி.

துறைமுகத்தைப் பார்த்த கடற்கரைச் சாலையில் அது நிற்கிறது, பன்னிரண்டு மாடி. கப்பல் கம்பெனி ஒன்று தன் தலைமை அலுவலகமாகக் கட்டியது. ஆல்பட்ராஸ் ஹவுஸ் என்று பெரிய கடற்பறவை ஒன்றின் பெயரை வைத்து, வாசலுக்கு மேலே அந்தப் பறவையைக் கல்லில் சிறகு விரித்துச் செதுக்கிவைத்தார்கள். டர்பனில் மூட்டை தூக்குகிற யார் ஆல்பட்ராஸைக் கண்டார்கள்? கழுத்து நீளம், அலகு தட்டை. வாத்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். எண்பது வருஷமாக அது வாத்து வீடுதான். இன்றைக்கும் வேன்காரர்கள் “வாத்து எறங்குறவங்க எறங்கு!” என்றுதான் கத்துவார்கள். அல்ஃபியஸ் பதினெட்டு வயதில் தேநீர்ப் பையனாகச் சேர்ந்தார். பிறகு தபால் கொண்டுபோகிறவர், பிறகு காப்பாளர். நாற்பத்தாறு வருஷம். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் வாத்து வீட்டுக் கதைதான். எந்த மாடியில் யார் இருந்தார்கள், எந்தக் கதவு எதற்காக அடைக்கப்பட்டது என்று ஆரம்பித்தால் ஓயமாட்டார். லிண்டேனி பத்து வயது வரைக்கும் கேட்டாள். அப்புறம் சும்மா தலையாட்டினாள். “ஒரு நாள் வந்து பாரேன், நான் சுத்திக் காட்டுறேன்,” என்பார். “அடுத்த மாசம் வர்றேன் பாபா,” என்பாள். பைன்டவுனிலிருந்து வேனில் அரை மணி நேரம்.

சூப்பர்வைசர் மூட்லி படிக்கட்டில் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து, நெற்றியில் காலைத் திருநீறு பாதி அழிந்திருந்தது. லிண்டேனியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு மபுமுலோவுக்கு நானே வர்றதா இருந்தேன். நீங்க எதுக்கும்மா அலையறீங்க?”

“ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அப்பாவுக்கு மூச்சு இருந்ததுன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க, மிஸ்டர் மூட்லி?”

மூட்லி கையை விட்டார்.

“ஆஸ்பத்திரித் தாளுல வேற மாதிரி இருக்கு.”

“பொய்தான் சொன்னேன்,” என்றார் மூட்லி. “எங்கள்ல அப்படித்தான் சொல்லுவோம். டாக்டருங்க கையிலதான் போச்சு, எல்லாம் செஞ்சு பாத்தாங்கன்னு சொன்னா வீட்டுக்காரங்களுக்கு ஒரு ஆறுதல். தனியாக் கெடந்தாருன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

பெகுமூசி அன்று முதல்முறையாக வாயைத் திறந்தார். “உங்க ஆறுதலுக்கு நான் எண்பது கிலோமீட்டர் வெறும் கிளைகிட்டப் பேசிக்கிட்டுப் போனேன்.”

மூட்லிக்கு விளங்கச் சற்று நேரமானது. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவர். கிளையோடு போகிறவர்களை வேனில் எத்தனையோ முறை பார்த்திருப்பார். விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். மீதித் திருநீறும் போயிற்று.

“மன்னிச்சுக்குங்க. வாங்க. லிஃப்ட்டுலதான்.”

“எந்த லிஃப்ட்?” என்றார் பெகுமூசி.

“முன்லிஃப்ட்.”

பெகுமூசியின் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. “முன்லிஃப்ட்டா? எழுபத்தொண்ணுல அவனைப் பாக்க வந்தேன். பின்சந்து வழியா, சரக்கு லிஃப்ட்டுல, மூட்டையோட மூட்டையா ஏத்திட்டுப் போனான். ஒரு கதவை இத்துனூண்டு தொறந்து இந்த லிஃப்டைக் காட்டினான். பித்தளை பாரு, தெனம் நான்தான் தொடைக்கிறேன், ஆனா வெள்ளைக்காரங்களுக்குத்தான், நமக்கில்லன்னான்.”

“எனக்கும் அப்ப இல்லதான்,” என்றார் மூட்லி. “எங்க அப்பா இங்க பெயின்டர். அவரும் மூட்டையோடதான் ஏறுவார்.”

லிஃப்ட்டுக்கு முன்னால் பலகை அடைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சோதனைக்காரர்கள் வந்து, இனி ஓடக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கட்டடத்தை மாணவர் விடுதியாக மாற்றுகிறவர்கள் புது லிஃப்ட் போடப்போகிறார்களாம். மூட்லி பலகையை நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மரச்சுவர், மூன்று பக்கமும் பித்தளைக் கம்பி. பெகுமூசி தொப்பியைக் கழற்றி, ஒரு கால் மடக்கி உட்கார்ந்து, கிளையைத் தரையில் வைத்தார். அண்ணனின் பெயரைச் சொன்னார், அப்பாவின் பெயரைச் சொன்னார், அவருக்கும் முன்னே இருந்தவர்களின் பெயர்களையெல்லாம் சொன்னார். “வா அண்ணே, வீட்டுக்குப் போவோம். இங்க வேலை முடிஞ்சிருச்சு.”

கொஞ்ச நேரம் காத்திருந்து கிளையைத் தூக்கினார். உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“வரல.”

“எப்படித் தெரியும், சித்தப்பா?”

“பாரம் தெரியும்.”

“புதன்கிழமை தெரிஞ்சுதா?”

பெகுமூசி கிளையின் முள்ளை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு இருந்தார். “தெரியல,” என்றார் கடைசியில். “வெறும் குச்சிதான். ஆனா வீட்டு வாசல்ல அத்தனை பொம்பளைங்க அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

லிண்டேனிக்கு அவர் மேல் பாசம் பொங்கியது. இத்தனை நாளும் முசுடு என்றே நினைத்திருந்த மனிதர்.

“லிஃப்ட் ஓடுற சாமான்தானே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “அதுல போய் எடம் தேடுறீங்க.”

துடைப்பானைச் சாய்த்துப் பிடித்தபடி மாசெலே நின்றிருந்தாள். கீழ்த்தளம் துடைப்பவள், அறுபது வயதிருக்கும். அல்ஃபியஸோடு இருபது வருஷம் வேலை பார்த்தவள். அவள் சொல்வது சரிதான். லிஃப்ட் இப்போது கீழே நிற்கிறது. அவர் உயிர் போனபோது அது எங்கே நின்றது?

“நான் தொறந்தப்ப கீழதான் இருந்துச்சு,” என்றார் மூட்லி. “மூலையில சாஞ்சு உக்காந்திருந்தார். தொப்பி மடியில.”

“ஏழு மணி இருக்கும்,” என்றாள் மாசெலே. “மேல போனாரு. நான் இங்க தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். அந்த முள்ளு ஆறுல போய் நின்னுச்சு.” லிஃப்ட் கதவுக்கு மேலே பாதி நிலா வடிவில் பித்தளைத் தட்டு, அதில் மாடி எண்களும் ஒரு முள்ளும். “ஆறுலயே நின்னுச்சு. நான் வாசல்லேர்ந்து இதுவரைக்கும் ஒரு தடவை தொடைச்சு முடிச்சிட்டேன். அப்பவும் ஆறு.”

“ஆறாம் மாடியில என்ன இருக்கு?” என்று கேட்டாள் லிண்டேனி.

“அங்கதான் குழாயில தண்ணி வருது. மத்த மாடியெல்லாம் வேலைக்காரங்க அடைச்சுட்டாங்க. தெனம் மேல போய் எங்களுக்கு டீ போட்டுக் கொண்டாருவாரு. எத்தனை தடவை சொன்னேன், நான் போறேன் குவாலான்னு. உனக்குச் சக்கரை அளவு தெரியாதும்பாரு.”

லிண்டேனி மூட்லியின் பக்கம் திரும்பினாள். “நீங்க தொறந்தப்ப பக்கத்துல ஏதாவது இருந்துதா?”

“தட்டு இருந்துச்சும்மா. மூணு கப்பு. தரையில வெச்சிருந்தார்.”

“காலியாவா?”

“நெறைய. ஒரு சொட்டு சிந்தல.”

“அப்ப மேல போகையில இல்ல. டீ போட்டு முடிச்சு, லிஃப்ட்டுக்குள்ள வந்து நின்னதுக்கப்புறம்.” லிண்டேனி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். “நெஞ்சு அடைச்சிருக்கு. தட்டைக் கீழ வெச்சிட்டு உக்காந்திருக்காரு. கதவு தானா மூடிருச்சு. முள்ளு ஆறுலயே நின்னுச்சு. அப்புறம் லிஃப்ட் எப்படிக் கீழ வந்துச்சு?”

மூட்லி லிஃப்ட் பொத்தானைப் பார்த்தார்.

“நான்தான் பொத்தானை அமுக்கினேன்,” என்றார் மூட்லி. “எங்கடா இந்தக் கெழவன் டீயோட போனான்னு திட்டிக்கிட்டே அமுக்கினேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசெலே துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து அவர் தோளில் தட்டினாள். “விடுய்யா. கீழ கொண்டாந்தது நீதானே. இல்லன்னா அங்கயே கெடந்திருப்பாரு.”

அப்படியானால் மூச்சு போன இடம் ஆறாம் மாடி; அங்கே படியேறித்தான் போக வேண்டும். மூட்லி முன்னால், பெகுமூசி நடுவில், லிண்டேனி பின்னால். வழியைக் காட்டிக்கொண்டே மூட்லி பேசினார். முதல் மாடியில்தான் பயணச் சீட்டுக் கூடம், சவுத்தாம்ப்டனுக்கும் பம்பாய்க்கும். அவருடைய பாட்டனார் ஊரைப் பார்க்கப் போக இங்கேதான் சீட்டு வாங்கினாராம், ஆனால் பின்படிக்கட்டில், ஜன்னலுக்கு வெளியே நின்று. இரண்டாம் மாடி சரக்குப் பிரிவு. கம்பெனி போனபிறகு அரசாங்க அலுவலகம் வந்தது, அது போய் ஒரு ஜெபக்கூடம் வந்தது, அதுவும் போய்ப் புறாக்கள் வந்தன. இப்போது கீழ் மாடிகளிலெல்லாம் சுவரை இடித்துச் சிறு சிறு அறைகளாகத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பெகுமூசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டி வீங்கியிருந்தது. காலையில் வேனைவிட்டு இறங்கும்போதே நொண்டினார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் தலையைத்தான் ஆட்டினார்.

“கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாம் சித்தப்பா.”

“கழிச்சும் ஏற முடியாது.” அவர் மணியைப் பார்த்தார். பதினொன்றரை. கிளையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “பொம்பளை தூக்கினா ஏத்துக்குவாங்களான்னு தெரியல. எங்க அக்கா உயிரோட இருந்தா கூடாதும்பா. ஆனா அண்ணனுக்குப் பொறந்தது நீ ஒருத்திதான். நீ கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லிருவானா? புடி.”

முள் குத்தாமல் எங்கே பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். பெயர்களை வரிசையாகச் சொல்லவைத்தார். “கூப்பிட்டதுக்கப்புறம் அவன்கிட்ட மட்டும்தான் பேச்சு. என்கிட்ட இல்ல, இவருகிட்ட இல்ல. திரும்பிப் பாக்காத. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சொல்லு. சொல்லாம விட்டா அங்கயே நின்னுருவான்.”

ஆறாம் மாடி இன்னும் இடிபடவில்லை. அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கூடம். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கிடங்குக் கூரைகளுக்கு மேலாகத் துறைமுகத்தின் வாய் நேராகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் உள்ளே வர முறை பார்த்துக்கொண்டு ஐந்தாறு கப்பல்கள் நின்றன. கம்பெனிப் பெரியவர்கள் உட்கார்ந்தது இந்த மாடியில்தான் என்று அப்பா சொல்லியிருந்தார்; ஏன் என்பது அந்த ஜன்னலடியில் நின்றதும் விளங்கியது. மூலையில் ஒரு குழாய், கெட்டில், சர்க்கரை டப்பா. மூன்று கப்புகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மூட்லி தள்ளி நின்றுகொண்டார். லிண்டேனி லிஃப்ட் கதவின் முன்னால் முழங்காலிட்டுக் கிளையை வைத்தாள். பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா. நான்காவது பெயர் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. காது சூடாகிவிட்டது. மூன்று தலைமுறையைத் தாண்டத் தெரியாதவளை நம்பி யார் வருவார்கள்?

“பாபா, நான் லிண்டேனி,” என்றாள். “பேரெல்லாம் மறந்துருச்சு. நான் வந்துட்டேன். ரொம்ப லேட்டு, தெரியும். டீ போட்டாச்சு, எல்லாரும் குடிச்சாச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

யாரும் குடிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டாள்.

கிளையை எடுத்தாள். பாரம் இருந்ததா, இல்லையா? அவளால் சொல்ல முடியவில்லை. சித்தப்பாவும் அருகில் இல்லை. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் படிக்கட்டுக்கு வந்தாள்.

“பாபா, எறங்குறோம். லிஃப்ட் இல்ல, படிதான். கைப்பிடி எடது பக்கம்.”

சொல்லச் சொல்ல அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் அப்பாவுக்கு வழி சொல்ல அவள் யார்? நாற்பத்தாறு வருஷம் இருந்தவருக்கு, நாற்பத்தாறு நிமிஷம்கூட ஆகாதவள் சுற்றிக் காட்டுகிறாள்.

“இது அஞ்சாம் மாடி. இங்க தந்தி அனுப்புற எடம். நீங்க சொல்லியிருக்கீங்க. ஒத்தைக் கைக்காரர் ஒருத்தர், ஒரே கையால வேகமாத் தட்டுவாருன்னு. அவர் பேரு என்ன பாபா? நான் கேட்டுக்காமலே இருந்துட்டேன்.”

இரண்டு படி பின்னால் மூட்லி இருமினார். அவளோடு பேசக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, கிளையைப் பார்த்துப் பேசினார்.

“அல்ஃபியஸ், பொண்ணுகிட்டச் சொல்லிரு, ஒத்தைக் கைக்காரர் நாலாம் மாடி. பேரு டங்கன். தந்திக்காரர் வேற.”

லிண்டேனி நடையை நிறுத்தவில்லை. “அப்படியா பாபா? டங்கனுக்குக் கை எப்படிப் போச்சு?”

“கப்பல் கயிறு அறுத்துருச்சு, அல்ஃபியஸ். நீ அதை ஒவ்வொரு தடவையும் சுறான்னு சொல்லிருப்ப.”

“சுறான்னுதான் சொன்னீங்க பாபா.”

“எனக்குத் தெரியும்டா நீ சொல்லுவேன்னு.”

அப்படியே இறங்கினார்கள். அவள் அப்பாவைக் கேட்டாள், மூட்லி அல்ஃபியஸுக்குச் சொன்னார். நாலாம் மாடிக் கதவு ஏன் பச்சை, சரக்கு லிஃப்ட்டிலிருந்த ‘வெள்ளையர் அல்லாதோர்’ பலகையைக் கழற்றியது யார், முன்லிஃப்ட்டில் எல்லாரும் ஏறலாம் என்ற முதல் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து மேலேயும் கீழேயுமாகப் பதினோரு தடவை போய் வந்தது, மேலாளர் வந்து ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டதற்கு அல்ஃபியஸ் ‘மேலே ஐயா’ என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இதையெல்லாம் கேட்க அரை மணி நேர வேன் பயணம் போதுமாயிருந்திருக்கும். இரண்டாம் மாடியில் முழங்கை கடுத்தது. கையை மாற்றிக்கொண்டாள். இன்னும் ஒரு திருப்பம் இறங்கியதும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

மாசெலே கைகொடுத்து இறக்கிவிட்டிருக்க வேண்டும்; பெகுமூசி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். லிண்டேனியின் முகத்தைப் பார்க்கவில்லை. விரலளவு தடிமன்கூட இல்லாத கிளையை அவள் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வருவதைத்தான் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

“பாபா, இது வாசல். வெளிய வெயிலு,” என்றாள் லிண்டேனி.

மூட்லி வாசலிலேயே நின்றுகொண்டார். பெகுமூசி நொண்டியதால் வேன் நிலையத்துக்கு மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. தெருவுக்குத் தெரு அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே வந்தவர்கள் கிளையைக் கண்டு ஒதுங்கினார்கள். சோளம் விற்பவள் கூவுவதை நிறுத்தி, அவர்கள் கடந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். மபுமுலோ வண்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது.

“மூணு பேரு,” என்றார் பெகுமூசி. நடத்துனன் எட்டிப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கும் காசு வாங்கிக்கொண்டான்.

“பாபா, ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க. காத்து வரும்,” என்று சொல்லி ஜன்னலோர இருக்கையை விட்டு அவள் நடுவில் உட்கார்ந்தாள். கிளை மடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மதியம், ஊருக்குப் போகிற கூட்டம் வெளியே நெருக்கியடித்தது. வண்டி உறுமத் தொடங்கியபோது, கதவைப் பிடித்தபடி ஒரு பெரிய ஆள் இரண்டு பைகளோடு உள்ளே தலையை நீட்டினார்.

“அதோ ஒரு எடம் காலியா இருக்கே.”

“ஆள் இருக்கு,” என்றாள் முன்வரிசையில் முட்டைக்கோஸ் மூட்டையோடு இருந்த பெண், திரும்பிப் பாராமலே.

“ஆமா, ஆள் இருக்கு,” என்றது பின்வரிசை.

அவர் ஜன்னலோர இருக்கையைப் பார்த்தார். பிறகு லிண்டேனியின் மடியைப் பார்த்தார். பைகளை வெளியே தரையில் வைத்தார். அந்த வண்டிகளின் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடும். அவர் இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தம் வராமல், மெல்ல மெல்லத் தள்ளி மூடினார்.